கம்பி எந்த நாளில் காலியாகிறது? வலசைப் பறவைகள் கிளம்பும் பருவத்தைப் பார்த்துப் பதிவிடும் முறை

மாசி பிறந்ததும் தமிழ்நாட்டின் ஏரிகளிலும் வயல்வெளிகளிலும் ஒரு பெரிய கிளம்பல் தொடங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வந்திறங்கிய வாத்துகள், சேற்றில் இரை தேடும் உள்ளான்கள், வாலாட்டிகள், தகைவிலான்கள், சூறைக்குருவிகள் என எல்லாவற்றிலும் பெரும்பகுதி சித்திரை முடிவதற்குள் வடக்கே போய்விடும். குளிர்நாடுகளில் வசந்தம் என்றால் பறவை வரும் காலம். அந்த ஆண்டின் முதல் தகைவிலானைக் கண்டவர் ஓடிப்போய் ஊருக்குச் சொல்வார். நமக்கு அதே மாதங்கள் பறவையை வழியனுப்பும் காலம். அதனால் இங்கே தேடிப் பதிவிட வேண்டியது கடைசி நாளை.

கடைசி நாளைப் பிடிப்பது கடினம். வந்த பறவை கண்ணில் பட்டுவிடும், போகிற பறவை சொல்லிக்கொண்டு போவதில்லை. ஏப்ரல் 9 அன்று கம்பியில் தகைவிலானைப் பார்த்தீர்கள், அடுத்து அந்தப் பக்கம் போனது ஏப்ரல் 30 என்றால் அது எப்போது கிளம்பியது என்று யாராலும் சொல்ல முடியாது. 12, 15, 18 தேதிகளிலும் போய்ப் பார்த்து, 'இல்லை' என்பது பதிவாகியிருந்தால்தான் 9 என்ற தேதிக்குப் பொருள் உண்டு. அந்த 'இல்லை'யை நம்பும்படி பதிவிடுவதற்கான வழிமுறைதான் இது.

இடம், நேரம், எத்தனை முறை

வேடந்தாங்கலும் கோடியக்கரையும் பழவேற்காடும் கூந்தன்குளமும் பறவை பார்க்க அருமையான இடங்கள். ஆனால் பக்கத்திலேயே குடியிருந்தால் ஒழிய, கிளம்பும் நாளைப் பிடிக்க அவை உதவா. ஆண்டுக்கு ஒருமுறை போய் 80 இனம் பார்ப்பதைவிட, வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் நடந்துபோகும் இடத்தை 26 முறை பார்ப்பது இந்த வேலைக்குப் பயன்படும். ஊர் ஏரிக்கரை, கோயில் குளம், வயலை ஒட்டி ஓடும் மின்கம்பி, கல்லூரி வளாகம், பழைய தோப்பு, எதுவானாலும் சரி.

ஒரே பாதை, ஒரே நேரம், ஒரே அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம், அரை மணி நேரம் போதும். பிப்ரவரி நடுவில் தொடங்கி மே நடு வரை 13 வாரம். வாரத்துக்கு இருமுறை போய், பார்த்த பறவைகளை எழுதினால் 26 பட்டியல். மார்ச் 20-க்குப் பிறகு முடிந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் போங்கள், கூட்டம் வேகமாகக் குறைவது அப்போதுதான். நேரமே இல்லாத நாளில் 15 நிமிடம் நின்றுவிட்டு வந்தாலும் அது ஒரு பட்டியல்தான்.

சூரியன் எழுந்து அரை மணிக்குள் தொடங்கிவிடுங்கள். ஏப்ரலில் எட்டரை மணிக்கு மேல் புதர்க்குருவிகள் அடங்கிவிடும், நீர்ப்பரப்பின் மேல் கானல் அலைய ஆரம்பிக்கும், தொலைவில் நிற்கும் உள்ளானின் கால் என்ன நிறம் என்பதுகூடத் தெரியாது. காலையில் ஏரியின் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். வெயில் முதுகில் விழும், பறவையின் நிறம் உள்ளபடி தெரியும். மேற்குக் கரையிலிருந்து பார்த்தால் எல்லாமே கறுப்பு நிழல்; அந்த எதிர்வெயிலில் செய்த அடையாளத்தை நீங்களே நம்பாதீர்கள்.

இன்னொன்று, ஒவ்வொரு முறையும் நீர்மட்டத்தை ஒரு வரியில் எழுதுங்கள். 'மதகின் மூன்றாம் படி வரை நீர்', 'நடுவில் மட்டும் சேறு', 'முழுக்க வற்றிவிட்டது' என்று எழுதினால் போதும். மார்ச் கடைசியில் நீலச்சிறகி வாத்துகள் காணாமல் போனால், அவை வடக்கே கிளம்பினவா, நீர் வற்றியதால் பக்கத்து ஏரிக்கு மாறினவா என்பதை இந்த ஒரு வரி இல்லாமல் பின்னால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. உள்ளான்கள் இதற்கு நேர்மாறு. சுற்றுப்புறக் குளங்கள் காயக் காய, மிச்சமிருக்கும் சேற்றில் எல்லாம் வந்து கூடும். எண்ணிக்கை கூடிவிட்டது என்பதற்காகப் புதிய கூட்டம் வந்திறங்கியது என்று எழுதிவிடாதீர்கள்.

எவற்றைப் பின்தொடர்வது

பட்டியலில் எல்லாப் பறவையும் இருக்க வேண்டும். ஆனால் கிளம்பும் நாளுக்காக ஐந்தாறு இனங்களை மட்டும் மனத்தில் வைத்துத் தேடுங்கள். கீழே சொல்பவை தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் அகப்படக்கூடியவை.

முதலில் தகைவிலான். புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிடத் தோதான பறவை இல்லை, ஏனென்றால் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து தன்னை எண்ணக் கொடுக்கிறது. நெற்றியும் தொண்டையும் செங்கல் நிறம், தொண்டைக்குக் கீழே கருநீலப் பட்டை, முதுகில் கருநீல மினுமினுப்பு, வாலின் இரு ஓரத்திலும் கம்பி போல நீண்ட இறகு. குளிர்காலத்தில் இங்கே இருக்கும்போதுதான் அவை பழைய இறகை உதிர்த்துப் புதிது போடுகின்றன. அதனால் பிப்ரவரி தொடக்கத்தில் பல பறவைகளுக்கு வால்கம்பி குட்டையாக, உடல் மங்கலாக இருக்கும். மார்ச் கடைசியில் அதே கம்பியில் பாருங்கள்: நீண்ட வால், பளபளக்கும் முதுகு, ஓயாமல் இறகைக் கோதும் அலகு. பயணத்துக்குத் தயாராகிவிட்ட பறவை அது.

இதனோடு குழம்புபவை மூன்று. செம்பிட்டத் தகைவிலானின் இடுப்புப் பகுதி செம்மண் நிறமாக இருக்கும், பறக்கும்போது அது தெளிவாகத் தெரியும். கம்பிவால் தகைவிலானுக்கு அடிப்பகுதி முழுக்கத் தூய வெள்ளை, தலையில் செம்பழுப்புத் தொப்பி. இந்த இரண்டும் இங்கேயே கூடு கட்டுபவை, கோடையிலும் இருக்கும். மூன்றாவது பனை உழவாரன். அது கம்பியில் உட்காரவே உட்காராது; அதன் குட்டைக் கால்கள் ஓலையைத் தொற்றிப் பிடிக்கத்தான் உதவும். ஏப்ரல் முடிந்த பிறகும் 'தகைவிலான் பறக்கிறது' என்று வரும் செய்திகளில் இந்த மூன்றில் ஒன்றா என்று முதலில் பாருங்கள்.

உங்கள் குறிப்பு இப்படி அமைகிறது என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 14: 40. மார்ச் 21: 65. மார்ச் 28: 30. ஏப்ரல் 4: 6. ஏப்ரல் 7: சுழி. ஏப்ரல் 9: 2. ஏப்ரல் 12, 15, 18: சுழி. இங்கே கடைசி நாள் ஏப்ரல் 9. ஏழாம் தேதிச் சுழியைப் பார்த்ததும் நிறுத்தியிருந்தால் கடைசி நாள் ஏப்ரல் 4 என்றாகி, ஐந்து நாள் தவறியிருக்கும். ஒன்பதாம் தேதி வந்த இரண்டும் இன்னும் தெற்கிலிருந்து கிளம்பி உங்கள் ஊரைக் கடந்தவையாக இருக்கலாம். ஆகவே தொடர்ந்து மூன்று சுழி வரும்வரை எந்த இனத்தின் கணக்கையும் மூடாதீர்கள்.

சூறைக்குருவியை ரோசா மைனா, சோளப்பட்சி என்றும் சொல்வார்கள். கறுப்புத் தலை, கறுப்புச் சிறகு, நடுவில் ரோசா நிற உடல். இளவேனிலில் இதன் நிறம் கூடுவதற்குப் புதிய இறகு முளைப்பது காரணமில்லை. இறகுகளின் வெளிறிய ஓரங்கள் மாதக்கணக்கில் தேய்ந்து உதிர, அடியில் மறைந்திருந்த ரோசா நிறம் வெளியே தெரிகிறது. புரசு, முள்ளிலவு, கல்யாண முருங்கை பூக்கும் நாட்களில் அந்த மரங்களின் கீழே நின்றால் கூட்டம் தேனுக்கு வரும். மாலையில் அடையப் போகும்போது நூற்றுக்கணக்கில், சில ஊர்களில் ஆயிரக்கணக்கில் சேரும். இவை முட்டையிடுவது மத்திய ஆசியா முதல் கிழக்கு ஐரோப்பா வரையுள்ள புல்வெளி நாடுகளில்.

வாலாட்டிகளில் மூன்றைக் கவனியுங்கள். மஞ்சள் வாலாட்டி நெல்வயலிலும் ஏரிச் சேற்றிலும் இருக்கும். சாம்பல் வாலாட்டி மலையோடைகளில், பாறைக்குப் பாறை தாவும். கொடிக்கால் வாலாட்டி தோப்பு நிழலிலும் காட்டுப்பாதையிலும் இலைச்சருகைக் கிளறும். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்ட, இது மட்டும் பின்னுடலோடு சேர்த்துப் பக்கவாட்டில் ஆட்டும். வெண்புருவ வாலாட்டி நம் ஊர்ப் பறவை, அதற்குக் கிளம்பும் நாளே கிடையாது.

பிளித் நாணல் கதிர்க்குருவியைக் கண்ணால் தேடினால் கழுத்துதான் வலிக்கும். பழுப்பு நிறச் சிறு குருவி, புதருக்குள்ளேயே இருக்கும். வேலிப்புதர், கருவேலம், எலுமிச்சைச் செடி என எதற்குள்ளிருந்தாவது இரண்டு கூழாங்கல்லைத் தட்டுவது போல 'டக்... டக்' என்று இடைவெளி விட்டுக் கேட்டால் பெரும்பாலும் அதுதான். புதரின் முன் இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். ஏப்ரலில் சில காலைகளில் இது முழுப்பாட்டையே மெல்லிய குரலில் பாடிப் பார்க்கும். ஒருநாள் அந்த 'டக்' நின்றுவிடும். வேலியில் இன்னும் நாலு குருவி கத்திக்கொண்டிருப்பதால் பலருக்கு அந்த அமைதி உறைப்பதே இல்லை. செவிக்குப் பழகிய ஒரு ஒலி இல்லாமல் போவதைக் கவனிப்பதுதான் இந்தப் பருவத்தின் மிகக் கடினமான, மிக இனிமையான பயிற்சி.

ஆறுமணிக்குருவி விடியும் முன்னும் பொழுது சாயும்போதும் இரண்டு சுரச் சீழ்க்கை விடும். பெயர்க் காரணமே அதுதான். குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழித்துவிட்டு, முட்டையிட மத்திய இந்தியாவுக்கும் இமய அடிவாரத்துக்கும் போகிறது. இரவில் பறப்பதால் விளக்கொளியில் தடுமாறிக் கண்ணாடிச் சன்னலில் மோதி வீட்டுத் தோட்டங்களில் கிடக்கும். அப்படிக் கண்டால் துளையிட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து வைத்து, மூடி, இருட்டான அமைதியான அறையில் விடுங்கள். வாயில் நீரோ உணவோ புகட்டக் கூடாது. மூச்சுக்குழாயில் இறங்கினால் செத்துவிடும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் தெளிந்து நிமிர்ந்து நின்றால் பக்கத்துப் புதரடியில் விட்டுவிடலாம். சிறகு தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

உள்ளான்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நவம்பரில் எல்லாமே சாம்பல், எல்லாமே ஒன்றுபோல என்று கைவிட்டவர்கள் ஏப்ரலில் மறுபடி பார்க்க வேண்டும். வளைமூக்கு உள்ளானின் வெள்ளை மார்பில் மார்ச் மாதம் அங்கங்கே செங்கல் நிறத் திட்டுகள் தோன்றும், யாரோ நனைந்த தூரிகையை உதறியது போல. ஏப்ரல் கடைசியில் முகம் முதல் வயிறு வரை செம்மையாகிவிடும். கருவால் மூக்கனின் கழுத்து ஆரஞ்சாகும். பொன்னிற உப்புக்கொத்தியின் முகமும் வயிறும் கறுக்கும். மீசை ஆலாவின் தலையில் முழுக் கறுப்புத் தொப்பி, வயிற்றில் கருஞ்சாம்பல், இரண்டுக்கும் நடுவே வெள்ளைக் கன்னம் வந்து நிற்கும். பட்டியலில் எண்ணிக்கையோடு 'பத்தில் ஏழு முழுச் செம்மை, மூன்று சாம்பல்' என்று எழுதிவிடுங்கள். அந்த மூன்று சாம்பல் பறவைகள் பெரும்பாலும் முந்தைய ஆண்டுக் குஞ்சுகள். அவற்றில் பல இந்த ஆண்டு வடக்கே போகாமல் நம் கடற்கரைச் சேறுகளிலேயே கோடையைக் கழிக்கும்.

வந்ததும் இல்லை, போவதும் இல்லை

மார்ச்சில் குயில் கூவத் தொடங்கியதும் 'குயில் வந்துவிட்டது' என்று செய்திகள் பறக்கும். குயில் ஆண்டு முழுக்க இங்கேதான் இருக்கிறது. காகம் கூடு கட்டும் பருவம் நெருங்கும்போது அதன் வாய் திறக்கிறது, அவ்வளவே. கூவுவது கன்னங்கரிய ஆண். பெட்டை பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்டது. முதல் கூவலைத் தாராளமாகப் பதிவிடுங்கள், ஆனால் குறிப்பில் 'குரல் தொடக்கம்' என்று எழுதுங்கள்.

மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை ஆகியவற்றை ஆஸ்திரேலியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வந்தவை என்று எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. அவை இங்கேயே கூடு கட்டி, இங்கேயே குஞ்சு பொரிப்பவை. மழையையும் நீரையும் பொறுத்து ஏரிக்கு ஏரி மாறுகின்றன. குளிர்காலத்தைக் கழிக்க வடக்கிலிருந்து வரும் பறவைகள் இங்கே கூடு கட்டுவதில்லை என்ற ஒரு விதியை நினைவில் வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும். கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்துதான் உண்மையான தொலைதூரப் பயணி. இமயத்தைத் தாண்டித் திபெத், மங்கோலியப் பக்கம் போய்த்தான் முட்டையிடும்.

மடையானின் முதுகு கருஞ்சிவப்பாவதும், உண்ணிக்கொக்கின் தலை ஆரஞ்சாவதும், ஊதாத் தேன்சிட்டின் ஆண் மின்னத் தொடங்குவதும் இனப்பெருக்க உடை மாற்றம். புதுப் பறவை வந்துவிட்டது என்று குழம்ப வேண்டாம்.

கருவி

8×42 பைனாகுலர் ஒன்று போதும். எட்டு மடங்கு உருப்பெருக்கம், 42 மில்லிமீட்டர் முன்கண்ணாடி. 10×50 வாங்கியவர்கள் அரை மணியில் கை நடுங்கி இறக்கிவிடுவதும், புதருக்குள் தாவும் குருவியைக் குறுகிய வட்டத்துக்குள் பிடிக்கத் திணறுவதும் வழக்கம். வாங்கிய அன்றே இரண்டு கண்ணுக்கும் பொருத்துங்கள்: வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி, ஒரு பெயர்ப்பலகை எழுத்தை இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக் கண்வில்லையில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். இதைச் செய்யாமல் 'தலை வலிக்கிறது' என்று பைனாகுலரை ஓரம் கட்டியவர்கள் அதிகம். கண்ணாடி அணிபவர்கள் கண்வில்லையின் ரப்பர் விளிம்பை உள்ளே இறக்கிவிட வேண்டும். கடலோர ஊர்களில் ஈரப்பதத்தால் வில்லைக்குள் பூஞ்சை பிடிக்கும். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

எண்ணுவது

உட்கார்ந்திருக்கும் 60 பறவை வரை ஒவ்வொன்றாக எண்ணலாம். அதற்கு மேல் கூட்டத்தின் ஓர் ஓரத்தில் பத்தை எண்ணி, அந்தப் பத்து அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவைக் கண்ணில் பிடித்து, அதே அளவை மீதிக் கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போங்கள். பறக்கும் சூறைக்குருவிக் கூட்டம் என்றால் பத்துக்குப் பதில் ஐம்பது. ஓரமும் நடுவும் ஒரே அடர்த்தியில் இருக்காது என்பதால் நடுவில் ஒருமுறை திரும்ப எண்ணிச் சரிபாருங்கள். செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்து, வீட்டில் அதில் எண்ணி ஒப்பிட்டால் நான்கே வாரத்தில் கண் பழகிவிடும். பெருங்கூட்டத்தை நம் கண் குறைவாகவே மதிப்பிடும்.

எண்ண முடியவில்லை என்று எண்ணிக்கைக்குப் பதில் பெருக்கல் குறி போட்டுவிடும் பழக்கம் வேண்டாம். 'சுமார் 200' என்பது தவறாகவே இருந்தாலும் 20 இல்லை, 2,000 இல்லை என்று சொல்கிறது. பெருக்கல் குறி 'இருந்தது' என்று மட்டுமே சொல்லும். 65 பறவை 6 ஆவதுதான் கிளம்பலின் அடையாளம். அதை அந்தக் குறி விழுங்கிவிடும்.

பட்டியலைப் பதிவேற்றுவது

பதிவிட இபேர்ட் செயலி இருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002-இல் தொடங்கிய இபேர்ட் தளத்தின் செயலி இது, இலவசம். உங்கள் பகுதிக்கான பறவைத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத ஏரிக்கரையிலும் வேலை செய்யும். 2023-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் இதில் போட்ட பட்டியல்களைக் கொண்டுதான். ஊர் ஏரியின் அரை மணிப் பட்டியலும் அந்தக் கணக்கில் சேர்கிறது.

நடக்கத் தொடங்கும்போதே பட்டியலைத் தொடங்கி, பார்க்கப் பார்க்க எழுதுங்கள். மாலையில் நினைவிலிருந்து எழுதினால் காகமும் மைனாவும் விட்டுப்போகும். முடித்ததும் செயலி கேட்கும் விவரங்களில் தவறு நடப்பது பெரும்பாலும் இந்த இடங்களில்தான்.

முதலாவது, எந்த வகை என்பது. ஒரே இடத்தில், 30 மீட்டருக்குள் நின்று பார்த்தால் 'நின்ற இடம்'. அதைவிட நகர்ந்தால் 'பயணம்'. பஸ்ஸில் போகும்போது சன்னல் வழியே தற்செயலாகக் கண்ணில் பட்டது மட்டுமே 'தற்செயல்'. பறவை பார்க்கவென்றே போனதைத் தற்செயல் என்று போட்டால் அந்தப் பட்டியலை வைத்து 'இல்லை' என்பதைக் கணக்கிட முடியாது.

அடுத்தது தூரம். போன வழியே திரும்பி வந்தால் ஒருவழித் தூரத்தை மட்டும் போடுங்கள். செயலி இரண்டையும் கூட்டிக் காட்டினால் கையால் திருத்துங்கள். பட்டியலை நிறுத்த மறந்து பைக்கில் வீடு வந்து சேர்ந்தால் 600 மீட்டர் நடை 7 கிலோமீட்டர் ஆகிவிடும். இது அடிக்கடி நடக்கிறது.

பிறகு, 'அடையாளம் கண்ட எல்லா இனங்களையும் பதிவிட்டீர்களா?' என்ற கேள்வி. இதற்கு 'ஆம்' என்பதுதான் முழுப் பட்டியல், இந்த வேலை முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. அங்கே இருந்த எல்லாப் பறவையையும் கண்டுபிடித்தீர்களா என்று அது கேட்கவில்லை. நீங்கள் பார்த்தோ கேட்டோ அடையாளம் கண்டவற்றில் எதையும் வேண்டுமென்றே விடவில்லை என்றால் 'ஆம்' என்று சொல்லலாம். காகம், மாடப்புறா, மைனா எல்லாம் பட்டியலில் இருந்தால்தான், தகைவிலான் இல்லாத நாள் உண்மையில் தகைவிலான் இல்லாத நாளாகக் கணக்கில் ஏறும். நல்ல பறவைகளை மட்டும் பொறுக்கிப் போட்ட பட்டியலில் 'இல்லை'க்கு இடமே கிடையாது.

அடையாளம் உறுதியில்லாத பறவைக்கு ஊகித்து ஒரு பெயரைச் சூட்டாதீர்கள். 'ஆலா, இனம் தெரியவில்லை' என்பது போன்ற பொதுப் பதிவுகள் செயலியில் உண்டு. மெர்லின் செயலியின் ஒலி அடையாளம் நல்ல துணைதான். ஆனால் அது பெயர் காட்டியது என்பதே பதிவாகிவிடாது. துடுப்புவால் கரிச்சான் பத்துப் பறவையின் குரலில் பேசும், செயலி பத்தையும் காட்டும். திரையில் பெயர் வந்ததும் அந்தத் திசையில் திரும்பி நீங்களே பாருங்கள், கேளுங்கள், பிறகு எழுதுங்கள்.

பருவம் தாண்டிய பதிவுக்குச் செயலி விளக்கம் கேட்கும். மே 10 அன்று பழுப்புக் கீச்சான் என்றால் 'நன்றாகப் பார்த்தேன், உறுதி' என்பது விளக்கமாகாது. 'பழுப்பு முதுகு, கறுப்பு முகமூடி, வால் செம்பழுப்பு, பறந்தபோது சிறகில் வெள்ளைத் திட்டு இல்லை, வேலிக்கம்பத்தில் ஐந்து நிமிடம், 20 மீட்டர் தொலைவு' என்று எழுதுங்கள். எதைப் பார்த்தீர்கள், எது இல்லாததால் ஒத்த இனத்தை விலக்கினீர்கள் என்ற இரண்டும் வேண்டும். சரிபார்ப்பவர்கள் தன்னார்வலர்கள். அவர்கள் கேள்வி கேட்டால் கோபிக்காமல் இருப்பதைச் சொல்லுங்கள். படம் மங்கலாக இருந்தாலும் சேருங்கள்.

குழுவாகச் சேர்ந்து பார்ப்பதும் பகிர்வதும்

நான்கு பேர் சேர்ந்து நடந்தால் ஒருவர் மட்டும் எழுதட்டும், மற்றவர் எண்ணிச் சொல்லட்டும். பார்த்தவர் எண்ணிக்கை 4 என்று போட்டு, முடிந்ததும் பட்டியலை மற்ற மூவருக்கும் பகிருங்கள். அவரவர் தம் நகலைத் திறந்து, தாம் பார்க்காத இனத்தை நீக்கிக்கொள்வார்கள். நால்வரும் தனித்தனியாக ஏற்றினால் ஒரே 65 தகைவிலான் 260 ஆகிவிடும்.

வாட்ஸ்அப் குழுவில் போடும் செய்திக்கு ஒரே வடிவம் வைத்துக்கொண்டால் பின்னால் தேட எளிது. பறவை, எண்ணிக்கை, இடம், தேதி, நேரம், என்ன செய்துகொண்டிருந்தது, பார்த்ததா கேட்டதா. எடுத்துக்காட்டு: 'தகைவிலான் 6, ஏரிக் கிழக்குக் கரை மின்கம்பி, ஏப்ரல் 4, காலை 6.40 முதல் 7.10, இறகு கோதல், பார்த்தது, முழுப் பட்டியல் ஏற்றியாயிற்று.' இல்லாத நாளையும் இதே வடிவில் போடுங்கள்: 'தகைவிலான் 0, அதே இடம், அதே அரை மணி.' முதலில் விசித்திரமாகத் தோன்றும். இரண்டு வாரத்தில் பக்கத்து ஊர்க்காரர் 'எங்களிடம் இன்னும் 8 இருக்கிறது' என்று பதில் போடுவார். தெற்கிலிருந்து வடக்காகக் கம்பிகள் காலியாகும் வரிசை உங்கள் குழுவிலேயே தெரிய ஆரம்பிக்கும்.

புதியவர் தவறாக அடையாளம் சொன்னால் பெயரை மட்டும் திருத்தாதீர்கள். 'இடுப்பைப் பாருங்கள், செம்மண் நிறம், அதனால் செம்பிட்டத் தகைவிலான்' என்று காரணத்தோடு சொன்னால் அடுத்த முறை அவரே கண்டுகொள்வார்.

எதைச் சொல்லக் கூடாது என்பதிலும் தெளிவு வேண்டும். வலசைப் பறவைகள் கிளம்பும் இதே மாதங்களில் ஊர்ப் பறவைகள் பல கூடு கட்டுகின்றன. கூடு இருக்கும் இடம், ஆந்தை அடையும் பொந்து, கிளிக் குஞ்சு இருக்கும் மரம் ஆகியவற்றின் இருப்பிடத்தைக் குழுவில் போடாதீர்கள். ஒரு படம் போனால் மறுநாள் பத்து கேமரா வந்து நிற்கும், தாய்ப்பறவை விலகும், வெயிலில் முட்டை வெந்துபோகும். கிளி பிடிப்பவர்களும் செய்தி படிக்கிறார்கள். செல்போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே இழுப்பதும் இந்தப் பருவத்தில் கூடவே கூடாது; எல்லையைக் காக்கும் ஆண் தன் வேலையை விட்டுவிட்டு இல்லாத எதிரியைத் தேடி அலையும். வீட்டுத் தோட்டப் பட்டியலுக்கு இடப்பெயர் வைக்கும்போது உங்கள் கதவு எண்ணையோ வீட்டுப் பெயரையோ எழுத வேண்டாம், தெருப்பகுதி போதும்.

ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு நாட்களிலும் அதே இடத்தில் அதே அரை மணி நேரத்தைக் கொடுங்கள். சனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு, பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு, மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, உலகெங்கும் ஒரே நாளில் பறவை பார்த்துப் பதிவிடும் உலகப் பெருநாள். முதல் இரண்டிலும் கூட்டம் நிறைந்திருக்கும். மூன்றாவதில் உங்கள் கம்பி காலியாகத்தான் இருக்கும், அந்தச் சுழியை ஏற்ற மறக்காதீர்கள்.

மே நடுவில் நோட்டை எடுத்து, நீங்கள் பின்தொடர்ந்த ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: கடைசியாகப் பார்த்த நாள், அதற்குப் பின் எத்தனை சுழி, நீர்மட்டம். ஏரி வற்றியதால் முடிந்த வரிகளை வேறு மையில் எழுதி வையுங்கள். பிறகு வாரம் ஒருமுறை போனால் போதும். சூன், சூலையில் சேற்றில் நிற்கும் சாம்பல் நிற உள்ளான் போகாமல் தங்கியது. ஆகஸ்டில் வடக்கிலிருந்து முதலில் வந்திறங்கும் உள்ளான்களில் சில இன்னும் செம்மை முழுக்கக் கலையாமல் இருக்கும். மார்பில் மிச்சமிருக்கும் அந்தத் திட்டுகளை எண்ணி எழுதிவிட்டு, புதிய பட்டியலைத் தொடங்குங்கள்.